ஆர்டிஸ் சுற்றிக் காட்டிய ஊர்

எங்கள் கார்வர் பெண்ட் ஊருக்கு மேயர் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காததால் ஜெயித்தவர். ஆனால் ஊரை நடத்துகிறவள் ஆர்டிஸ் ஹோலன்பெக். இது மேயருக்கும் தெரியும்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரைக் கேட்டாலும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். காரமான பீன்ஸ் குழம்பும் அதில் தோய்த்துத் தின்ன இலவங்கப்பட்டை ரொட்டியும் போடுகிற வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிள்ளையும் வயிற்றுவலி என்று லீவு போட்டதில்லை. எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தபோது அவள் வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷனின் சாவியை வாங்கினாள், உள்ளே குடியிருந்த புறாக்களை விரட்டினாள், கழுவித் தள்ளினாள், மியூசியம் என்று பலகை மாட்டிவிட்டாள். எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடவில்லை.

சாவு விழுந்தால் சர்ச் அடித்தளத்தில் சாப்பாடு போடுவதும் அவள் பொறுப்புதான். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி எவ்வளவு வேண்டியிருக்கும் என்று செத்தவரின் குணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். "அந்த ஆளு சண்டைக்காரரு. பாதி ஊருதான் வரும்" என்பாள். பாதி ஊர்தான் வரும்.

நான் ட்வைலா. மெயின் தெருவில் காபிக்கடை வைத்திருக்கிறேன். ஆர்டிஸும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள், அதாவது அப்போது தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அவள் தன் வாயாலேயே ஊரைக் கட்டிப்போட்டு வைத்திருப்பவள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத விஷயத்தைக் கேட்டால் அது தெரிந்துகொள்ளத் தேவையில்லாத விஷயம் என்பாள். இப்படி ஒருத்தியோடு காலம் முழுக்கக் குப்பை கொட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் அவள் இல்லாத ஊரை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

எங்கள் ஊர் டாக்டர் வயதாகி அரிசோனாவில் மகளோடு இருக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து கிளினிக் பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் ஐம்பது மைல். போன குளிர்காலத்தில் ஆர்டிஸின் தங்கை வில்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோடெல்லாம் பனி. வண்டி மாட்டுச் சந்தையைத் தாண்டுவதற்குள் வில்மா போய்விட்டாள். அவள் சாவுக்கும் ஆர்டிஸ்தான் ரொட்டி வெட்டினாள். வேறு யாரையும் கத்தியைத் தொட விடவில்லை. வெட்டிக்கொண்டே, "இந்த ஊருக்கு ஒரு டாக்டரைக் கொண்டாராம நான் சாகமாட்டேன் ட்வைலா" என்றாள். அழுகையில் சொன்ன வார்த்தை இல்லை அது. ஆர்டிஸ் சொன்னால் சொன்னதுதான்.

யார் யாருக்கோ போன் போட்டு, வசந்த காலத்தில் ஒரு டாக்டரை வரவழைத்தாள். கோடையில் இன்னொருவரை. இருவரையும் அவளே ஊர் சுற்றிக் காட்டினாள். ஸ்டேஷன், கல்லறைத் தோட்டம், செங்கல் நாடகக் கொட்டகை. கொட்டகை மேடையில் ஒரு பழைய திரை தொங்குகிறது. நடுவில் ஏரியும் படகும், சுற்றிலும் அந்தக் காலத்து ஊர்க் கடைகளின் விளம்பரங்கள், எல்லாம் கையால் வரைந்தவை. சேணம் தைப்பவர், பல் பிடுங்குபவர், சவப்பெட்டியும் மேஜை நாற்காலியும் ஒரே கூரையின் கீழ் விற்றவர். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் என் கடையில் காபி குடிக்கிறார்கள். வந்த டாக்டர்கள் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எவ்வளவு அமைதியான ஊர் என்று மெச்சினார்கள், வீட்டுக்குப் போய் நாகரிகமாக மாட்டேன் என்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது ஆளும் கையை விரித்தால் கிளினிக் கட்டிடத்தை விற்றுவிடுவதாக ஊர்ச் சபை முடிவு செய்தது. விதை வியாபாரி ஒருவர் கிடங்கு போடக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் வந்தாள் அந்த மூன்றாவது ஆள். டாக்டர் நோரா அபாட், ஒமாஹா நகரத்திலிருந்து. குள்ளமாக, சிரிக்காத முகமாக, கையில் பை எதுவும் இல்லாமல் வந்தாள். ஓட்டிவந்தது தன் அண்ணனின் வெள்ளை பிக்கப் வண்டி. எங்கள் ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் அதே வண்டி. முன் சீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டு நாய் உட்கார்ந்திருந்தது.

"பார்த்தியா, நம்ம வண்டி! இவ நம்ம ஆளுதான்" என்று என் காதைக் கடித்தாள் ஆர்டிஸ்.

டாக்டர் வண்டியைப் பூட்டப் போனாள். ஆர்டிஸ் தடுத்துவிட்டாள்.

"சாவியை வண்டியிலயே விடுங்க டாக்டர். இங்க யாரும் எடுத்துட்டுப் போறதில்ல. நீங்க பூட்டினா, எங்களைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நாய்க்கும் ஜன்னலைத் திறந்து விட்டுடுங்க, காத்தாடட்டும்."

டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தாள். சாவியை விட்டாள். பிறகு இருவரும் ஸ்டேஷனுக்கும் கல்லறைக்கும் கொட்டகைக்கும் நடந்தே போனார்கள். திரும்பி வந்தபோது ஆர்டிஸின் முகம் தொங்கிப்போயிருந்தது. காபி எடுக்க என் பக்கம் வந்தவள் முணுமுணுத்தாள்.

"ஒரு நல்ல வார்த்தை சொல்லலடி. திரையைக் காட்டினா, கூரை ஒழுகுதான்னு கேக்குறா. வில்மா வழியில செத்ததைச் சொன்னா, ஆம்புலன்ஸ்ல கூட டாக்டர் இருந்தாரான்னு கேக்குறா. கல்லறையைக் காட்டினா, இவங்கள்லாம் எதுல செத்தாங்கன்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"செத்துப்போனாங்கன்னு சொன்னேன்."

அறுவடை நேரமாதலால் கடையில் மத்தியானக் கூட்டம் வந்த வேகத்தில் தின்றுவிட்டு ஓடுகிற கூட்டம். ஆர்டிஸின் கணவன் எல்டனும் வந்திருந்தான். டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினான், சோளம் காத்திருக்கிறது என்று சொல்லி எழுந்து போனான். அவன் தட்டை எடுத்தேன். இடது பக்கத்து மாட்டிறைச்சி முழுக்கக் காலி. வலது பக்கத்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"உன் புருஷன் காய்கறியை விட்டுட்டானா? ஒரு மாசமா பாதித் தட்டு அப்படியே திரும்பி வருது" என்றேன்.

"வீட்லயும் அதே கதைதான். வயசாக வயசாக நாக்கு நீளுது" என்றாள் ஆர்டிஸ்.

பக்கத்து மேஜையிலிருந்து ரஸ் சிரித்தான். ரஸ் உரக்கடை வைத்திருப்பவன், ஊர் ஆம்புலன்ஸைச் சம்பளமில்லாமல் ஓட்டுவதும் அவனும் அவன் கூட்டாளிகளும்தான். "என் மேலயும் என்னமோ கோவம் அவனுக்கு. என் கடை வாசல்ல நிக்கிறேன், தாண்டிப் போறான், ஸ்டீரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்கமாட்டேங்கிறான். போன மாசம் சர்ச் கூரை விஷயத்துல அவனை எதிர்த்து ஓட்டுப் போட்டேன்ல, அதான்."

எங்கள் ஊரில் எதிரில் வருபவனுக்கு விரல் தூக்கி வணக்கம் வைக்காமல் போவது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. எல்லாரும் சிரித்தோம். டாக்டர் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரஸைப் பார்த்தாள். "அவர் வர்ற வழியில உங்க கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வலது பக்கம் என்றான்.

சாப்பிட்டு முடித்து வெளியே போன டாக்டர் உடனே உள்ளே வந்தாள்.

"என் வண்டியைக் காணோம். நாயையும் காணோம்."

கடையே சிரித்தது. எனக்குத் தெரிந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் சாவி. ஒருத்தன் அவசரத்தில் அடுத்தவன் வண்டியில் ஏறிப் போய்விடுவான். பிறகு கண்டுபிடித்துத் திட்டிக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். பாஸ்டர் வண்டியை எடுத்துப்போனவன் அதில் கிடந்த சிகரெட்டை ஊருக்கெல்லாம் காட்டியது தனிக்கதை.

"திருட்டில்ல டாக்டர், மாறிப்போச்சு" என்றான் ரஸ். "யாரு வண்டி மிச்சம் இருக்குன்னு பாருங்க."

மிச்சம் இருந்தது எல்டனின் வண்டி. ஆர்டிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. போன் போட்டாள். போன் அந்த வண்டிக்குள்ளேயே அடித்தது.

"ஐயோ, வேற நாளே கிடைக்கலையா இந்த மனுஷனுக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்க டாக்டர், பத்து நிமிஷத்துல நாயைக் கையில குடுத்துடறேன். ட்வைலா, நீயும் வா. தனியா இருந்தா நான் அவனைக் கொன்னுடுவேன்."

கடையை ரஸிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். இடது ஓரத்தில் ஆர்டிஸ் ஓட்டினாள், நடுவில் நான், வலது ஓரத்தில் டாக்டர். வழியெல்லாம் ஆர்டிஸ் பேசிக்கொண்டே வந்தாள். இந்த ஊரில் ஒருத்தரை ஒருத்தர் எப்படி நம்புகிறோம், எப்படிப் பார்த்துக்கொள்கிறோம், எந்த வீட்டில் எது நடந்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும் என்றெல்லாம். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே உடைந்து தொங்கிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பக்கக் கண்ணாடி எப்படி உடைஞ்சது?"

"அதுவா? எங்க வீட்டு வேலிக்கம்பம் குறுக்க வந்துடுச்சு" என்று ஆர்டிஸ் சிரித்தாள். "தபால் பெட்டியும் ஒரு நாள் குறுக்க வந்துச்சு."

"அதுவும் வலது பக்கமா?"

கேள்வியே ஆர்டிஸுக்குப் பிடிக்கவில்லை என்று ஸ்டீரிங்கைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

எல்டன் வயல் ஓரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். நாய் இறங்கி அவன் பூட்ஸை மோந்துகொண்டிருந்தது.

"ஆர்டிஸ், இந்த நாய் எப்படி நம்ம வண்டியில ஏறுச்சு?" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆர்டிஸ், "அது நம்ம வண்டியே இல்லடா மடையா!" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. நாயைக்கூடத் தொடவில்லை. நேரே எல்டன் எதிரில் போய் நின்றாள்.

"நாய் உங்க வலது பக்கத்து சீட்லதான் உக்காந்து வந்திருக்கு. எப்போ பார்த்தீங்க?"

"இப்போதாங்க. கையை நக்கிச்சு. அப்புறந்தான் திரும்பிப் பார்த்தேன்."

"வழி முழுக்கத் தெரியலையா?"

எல்டன் யோசித்தான். அப்போதுதான் அது அவனுக்கே விசித்திரமாகப் பட்டது போலிருக்கிறது. தெரியவில்லை என்று தலையாட்டினான்.

"என் மூக்கையே பாருங்க. கண்ணை நகத்தாதீங்க. என் கை தெரிஞ்ச உடனே சொல்லுங்க." அவனுடைய இடது பக்கத்தில் விரலை ஆட்டினாள். உடனே சொன்னான். வலது பக்கத்திலிருந்து கையைக் கொண்டுவந்தாள். கொண்டுவந்துகொண்டே இருந்தாள். விரல் ஏறக்குறைய அவள் மூக்கையே தொட்டபோதுதான், "இப்போ தெரியுது" என்றான்.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள்.

"எதுக்கு?" ஆர்டிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அறுவடை நேரம், தூக்கமில்ல, அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன்."

"அம்மா, இவருக்கு மூளையில ஏற்கெனவே ஒரு அடைப்பு வந்து போயிருக்கு. வலது பக்கப் பார்வையைக் கொண்டுபோயிடுச்சு. நாடி தாறுமாறா ஓடுது, அடுத்தது எப்ப வேணா வரலாம். ஒரு மாசமா இந்த ஊர்ல எல்லாரும் பார்த்திருக்கீங்க. தட்டைப் பார்த்தீங்க, கண்ணாடியைப் பார்த்தீங்க. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சுச் சிரிச்சுட்டீங்க."

ஆர்டிஸ் இடுப்பிலிருந்த கையை எடுத்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள். அவளை எனக்குத் தெரிந்த காலத்தில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. போன் போட்டது நான்தான்.

ரஸும் அவன் ஆட்களும் வந்தார்கள். எல்டனைப் படுக்க வைத்து ரஸ் அவன்மேல் போர்வையைப் போர்த்தினான். "விரல் தூக்கலன்னு உன்னைக் கண்டபடி ஏசினேன்டா" என்றான். எல்டன், "என்ன விரல்?" என்று கேட்டான். ஆர்டிஸ் வண்டியில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்த ரோட்டுலயா கொண்டுபோறீங்க?" என்றாள். கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை.

"அந்த ரோட்டுலதான். இந்தத் தடவை உள்ள ஒரு டாக்டர் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நோரா அபாட் பின்பக்கம் ஏறி எல்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாயையும் இரண்டு வெள்ளை வண்டிகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

முன் சீட்டில் போன ஆர்டிஸ் மாட்டுச் சந்தை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாளாம். பின்னாலிருந்து எல்டன் சோளத்தில் ஈரம் ஜாஸ்தி என்று புலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தாளாம். வில்மா போன பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தது அதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

டாக்டர் சொன்னது சொன்னபடியே இருந்தது. இதயத் துடிப்பு தப்பியதால் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கிறது. ரத்தம் கட்டாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். போன பார்வை திரும்புமா என்பது சந்தேகம். வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். மிச்சமிருந்த அவன் சோளத்தை அக்கம்பக்கத்தார் மெஷின்களைக் கொண்டுவந்து ஒரே நாளில் அறுத்துப்போட்டார்கள். அது இங்கே யாருக்கானாலும் செய்வதுதான். அன்று யாரும் ஜோக் அடிக்கவில்லை என்பதுதான் புதுசு.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் மறுபடி வந்தாள். எல்டனைப் பார்க்க வேண்டும், கிளினிக்கைத் திறங்கள் என்று முன்பே போன் செய்திருந்தாள். ஆர்டிஸும் நானும் காலையிலேயே போய்த் தூசு தட்டினோம். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஊரே சும்மா அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் அங்கே ஒரு வேலையும் கிடையாது.

டாக்டர் எல்டனின் கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள்.

"டிராக்டராவது ஓட்டலாமா?" என்றான்.

"டிராக்டரும் கூடாது."

"புல் வெட்டுற மெஷின்?"

"உங்களுக்கு நடக்கத் தெரியும்ல?"

எல்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனான். டாக்டர் கை கழுவினாள். ஆர்டிஸ் அவள் முன்னால் போய் நின்றாள். ஏதோ பெரிய பேச்சு தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு பேரு வந்தாங்க" என்றாள். "ஊரு அழகா இருக்கு, அமைதியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அன்னிக்கு உங்க மேல எனக்கு ஒரே எரிச்சல். ஆனா என் வீட்டு ஆளை நீங்கதான் பார்த்தீங்க, நான் பார்க்கல. ஊர்ல எல்லாத்தையும் பார்க்கிறவன்னு பேரு எடுத்தவ நான். எங்களோட சேர்ந்து சிரிக்க இங்க ஆளுக்குப் பஞ்சமில்ல. சிரிக்காத ஆளு ஒண்ணு வேணும். உங்களை விட்டா எனக்கு வேற யாரையும் கேக்கத் தெரியல. வாங்கன்னு கேக்குறேன், அவ்வளவுதான்."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கடைசியா ரத்த அழுத்தம் பார்த்தது எப்போ?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"அதை நான் சொல்லணும். நான் வீட்டைக் காலி பண்ணிட்டு வர மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஊர்ல நான் யார்கிட்ட சண்டை போடறது? ஸ்வெட்டரைக் கழட்டிட்டு உக்காருங்க."

ஆர்டிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பேன், தானும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம் என்று பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து கையை நீட்டினாள்.